பஞ்சப் பார்வை

கண்டக்டர் பின்னாலிருந்து வந்துகொண்டிருக்கிறார், இன்னும் நாலைந்து சீட்டுதான், பரனூர் என்று சொல்ல வேண்டும், பரனூர், பரனூர், மனசுக்குள் எத்தனை தடவை சொன்னாலும் எண்ணெய் தடவியது மாதிரி வருகிறது, மனசுக்குள் நான் பெரிய பேச்சாளன், மைக்கைக் கொடுத்தால் கீழே வைக்க மாட்டேன். அவர் வந்து என் முகத்தைப் பார்த்ததும்தான் சங்கதி ஆரம்பிக்கும். இரண்டு உதடும் ஒட்டும், ஒட்டியது திறக்காது, உள்ளே காற்று முட்டும், கழுத்து நரம்பு புடைக்கும், எதிரே இருப்பவர் முதலில் புரியாமல் பார்ப்பார், அப்புறம் புரிந்து வேறெங்காவது பார்ப்பார். அந்த இரண்டாவது பார்வை இருக்கிறதே, அதற்குப் பயந்துதான் நான் இத்தனை வருஷம் வாழ்ந்திருக்கிறேன். வந்துவிட்டார். எங்க சார் என்றார். சிங்கப்பெருமாள் கோவில் ஒன்று என்றேன். பரனூரைத் தாண்டி இருக்கிற ஊர், கூடக் காசு, ஆனால் ச எனக்குச் சமர்த்தான எழுத்து, ஒருநாளும் காலை வாரியதில்லை. டோல்கேட்டில் பஸ் நிற்கும்போது நைசாக இறங்கிவிட்டால் யார் கேட்கப் போகிறார்கள். இப்படித்தான் எல்லாமே. பூரி ஆசை வந்தால் இட்லி கேட்பேன். பொங்கல் வாசனை மூக்கைத் துளைக்கும், இட்லி என்பேன். பிச்சையாபிள்ளை கடை என்று சொல்ல மாட்டேன், மூலைக் கடை என்பேன். பேனா இருக்கிறதா என்று கேட்காமல் எழுதுவதற்கு ஏதாவது இருக்கிறதா என்று சுற்றி வளைத்துக் கேட்டு, படித்தவன் மாதிரி பேர் வாங்கியிருக்கிறேன். ப வரிசை முழுவதையும் என் ஊரிலிருந்து தள்ளி வைத்துவிட்டேன், அப்படி நினைத்துக்கொண்டிருந்தேன், நான் மூட்டை தூக்கிய கம்பெனிக்காரன் அந்த டிரைவர் பயிற்சிக் காகிதத்தை அனுப்புகிற வரைக்கும்.

எந்த மகராசன் எழுதினான் என்று தெரியவில்லை, மோனைப் பைத்தியம் பிடித்தவன். டிரைவர்களுக்கு நினைவில் நிற்க வேண்டும் என்று எல்லா வரியையும் ப-வில் ஆரம்பித்து வைத்திருக்கிறான். பாதையை முழுதாகப் பார். பக்கங்களைப் பகுத்துப் பார். பின்புறத்தைப் பிசகாமல் பார். பாதசாரியின் பார்வையைப் பிடி. பத்தடி பிரிந்தே போ. தலைப்பு பஞ்சப் பார்வை. ஐந்து பார்வை என்று வைத்திருந்தால் என்ன குறைந்துபோகும், எனக்கு ஐகாரம் மாதிரி சுகமான எழுத்து உண்டா, வைக்கவில்லை, பஞ்சத்தில் அடிபட்டவன் பார்க்கிற பார்வை மாதிரி ஒரு பேரை வைத்திருக்கிறான். நாளையிலிருந்து ஒரு வாரம் பரனூரில் கம்பெனியின் டிரைவர் பள்ளிக்கூடத்திலேயே தங்கிப் பயிற்சி. இரண்டாம் நாள் காலையில் ஒவ்வொருவராக எழுந்து நின்று ஐந்தையும் சொல்ல வேண்டும், ஒரு சொல் மாறக் கூடாது, மாறினால் அன்றைக்கே ஊருக்கு பஸ் ஏற்றிவிடுவார்கள். எங்கள் கிடங்கு சூப்பர்வைசர் தேவநாதன் சார் இதைச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார், அப்புறம் சுவரைப் பார்த்தார். பாதசாரிக்குப் பதிலாக நடந்து போகிறவர் என்று சொல்லலாமா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதிலாக என்ற சொல்லில் மாட்டியிருப்பேன். அதோடு முடியவில்லை. வண்டி ஓட்டும்போது கண்ணில் படுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்ட வேண்டுமாம், வாத்தியார் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பாராம். என் கண்ணும் காலும் சரியான வேகத்தில்தான் இருக்கின்றன, வாய்தான் இரண்டு தெரு பின்னால் வரும். நான் பா, பா என்று நின்றுகொண்டிருப்பதற்குள் அந்தப் பாதசாரி ரோட்டைக் கடந்து வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்திருப்பார். சிரிப்பு வருகிறது. பயமும் வருகிறது. இரண்டும் சேர்ந்து வருவதுதான் கஷ்டம். முதுகில் வட்டு நகர்ந்துவிட்டது, இனி மூட்டை தூக்கினால் கால் போய்விடும் என்று டாக்டர் சொன்ன பிறகு கம்பெனியில் எனக்கு இருக்கிற ஒரே இடம் டிரைவர் சீட்டுதான், அதற்கு வழி இந்தப் பள்ளிக்கூடம்தான், இதில் திருப்பி அனுப்பிவிட்டால் கிடங்கு வாசலுக்குள்ளேயே இடம் இல்லை என்று தேவநாதன் சார் நல்லபடியாகத்தான் சொன்னார். நல்லபடியாகச் சொன்னதுதான் பயமாக இருந்தது.

வீட்டுக்காரி மாலினி சமைத்துக்கொண்டே காகிதத்தைப் பிடித்துக்கொள்வாள், நான் அடுப்பு மேடையில் கையூன்றிச் சொல்வேன். அவளிடம் எனக்கு முக்கால்வாசி வரும். மிச்சம் கால்வாசிக்கு அவள் கரண்டியை அப்படியே நிறுத்திக் காத்திருப்பாள், கடுகு கருகும். மெதுவா சொல்லுங்க என்று சொல்லாத ஒரே மனுஷி. ஊரெல்லாம் மெதுவாகச் சொல் என்கிறார்கள், என்னமோ நான் அவசரத்தில் இருப்பது மாதிரி. பெண் பார்க்கப் போனபோது என் பேரை மாமாதான் சொன்னார், நான் தலையைக் குனிந்துகொண்டேன், அடக்கமான பையன் என்று முடிவு கட்டிவிட்டார்கள். கல்யாணமாகி இரண்டாம் நாள் அவளுக்குத் தெரிந்தது. அப்புறம், உங்க பேரை நான் சொல்லக் கூடாது, நீங்களும் சொல்லாதீங்க, கணக்குச் சரியாப் போச்சு என்றாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் என் பேர் புழக்கத்தில் இல்லை. பூவராகன். ஸ்ரீமுஷ்ணத்துச் சாமி பேர், எங்கள் பக்கம் கல்லை விட்டெறிந்தால் ஒரு பூவராகன் மேல் விழும், அத்தனை பேரும் சொல்லிக்கொண்டுதான் திரிகிறார்கள். எனக்குப் பேச்சு வர வேண்டும் என்று அம்மா நாக்கில் வசம்பு உரசித் தேய்த்தாள். கசப்பு இன்னும் இருக்கிறது. வசம்பை எங்கள் பக்கம் ராத்திரியில் பேர் சொல்லிக் கேட்க மாட்டார்கள், பேர்சொல்லாதது என்றுதான் கடையில் கேட்பார்கள். பேர்சொல்லாததைத் தேய்த்த நாக்கு பேர் சொல்லாமலே இருந்துவிட்டது, அதன்மேல் குற்றம் சொல்லி என்ன.

உளுந்தூர்பேட்டையில் ஒருவர் ஏறி என் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தார். நாற்பத்தைந்து இருக்கும், தாடையில் வெள்ளை முள், மடியில் பெரிய பை. உட்கார்ந்த கையோடு பேச ஆரம்பித்துவிட்டார், எனக்கு இந்த ரகத்தைக் கண்டாலே கிலி. வெயிலைப் பற்றிச் சொன்னார், தலையை ஆட்டினேன். பஸ்ஸைப் பற்றிச் சொன்னார், ம் என்றேன். ம் நல்ல எழுத்து, உதடு மூடியே இருக்கலாம். தான் சவரிமுத்து என்றும் டிப்பர் லாரி ஓட்டியவர் என்றும் சொல்லிவிட்டு, தம்பி பேரு என்னா என்று கேட்டார். வந்துவிட்டது. உதடு ஒட்டப்போகிறது என்று முன்கூட்டியே தெரியும், தும்மல் வருவதற்கு முன் தெரியுமே அதுபோல, அந்த ஒரு கணத்தில் என்ன செய்வேனோ அதைச் செய்தேன். இளங்கோ என்றேன். உயிரெழுத்து. வழியில் பார்க்கிறவர்களுக்கு நான் எப்போதும் இப்படி ஏதாவது ஒரு பேர் கொடுத்துவிடுவது வழக்கம், பழக்கடையில் ஆறுமுகம், முடிவெட்டும் இடத்தில் உதயன், ஒருவருக்கும் நஷ்டமில்லை, இறங்கினால் முடிந்தது. அவரும் இளங்கோவா, நல்ல பேரு என்று சொல்லிக் குனிந்து பையைக் காலடியில் தள்ளினார். தள்ளியவர் நிமிரவில்லை. என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் கால். நாலு காலிலும் ஒரே கறுப்பு ஷூ, முனையில் இரும்பு வைத்த, பயிற்சிக்கென்று கம்பெனி கொடுத்த ஷூ. நிமிர்ந்தபோது அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். நீயும் பஞ்சப் பார்வையா தம்பி என்று என் தொடையில் தட்டினார். இறங்கினால் முடியாது. இறங்கின பிறகுதான் ஆரம்பம்.

திருத்திவிடலாம், இப்போதே, சும்மா சொன்னேன் அண்ணே என்று சிரித்துவிடலாம். நான் இளங்கோ இல்லை அண்ணே. இது வரைக்கும் வரும், எல்லாம் எனக்கு வேண்டிய எழுத்துகள். அடுத்து அவர் பின்னே என்ன பேர் என்று கேட்பாரே. கேட்காமல் இருப்பாரா. அங்கேதான் கிணறு. அந்தக் கிணற்றின் விளிம்பு வரைக்கும் போய்விட்டுப் போய்விட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தேன், அவரோ அதற்குள் பையிலிருந்து அதே காகிதத்தை எடுத்துவிட்டார், நாலாக மடித்து, மடிப்பில் மஞ்சள் கறை. தனக்கு மண்டையில் ஏறவே இல்லை, மூன்றாவதும் நாலாவதும் இடம் மாறிப் போகிறது, மகளிடம் ஒப்பிக்க வெட்கமாக இருந்தது, நீ கொஞ்சம் சொல்லிக் கொடு என்றார். காகிதம் என் கையில் இருந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டவர் முன்னால் என்ன பயம் என்று ஒரு நினைப்பு, இல்லை, அதுகூட இல்லை, ஒன்றையும் நினைக்கவில்லை என்பதுதான் உண்மை. பாதையை முழுதாகப் பார் என்றேன். பக்கங்களைப் பகுத்துப் பார் என்றேன். பின்புறத்தைப் பிசகாமல் பார். பாதசாரியின் பார்வையைப் பிடி. அவர் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார், நான் அவரைக் கேட்கவில்லை, எனக்கு என் குரலே காதில் விழுந்துகொண்டிருந்தது, கொஞ்சம் கனமாக, கொஞ்சம் அதிகாரமாக, யாரோ ஒருவர் என் தொண்டையை வாடகைக்கு எடுத்துப் பேசுவது மாதிரி. எங்கேயும் ஒட்டவில்லை. உதடு சேர்ந்தது, பிரிந்தது, அவ்வளவுதான், எல்லோருக்கும் இப்படித்தானா, இத்தனை லேசா. மறுபடி சொன்னேன். விழுப்புரம் வருவதற்குள் எத்தனை தடவை சொன்னேன் என்று தெரியாது. சவரிமுத்து அண்ணன் கண்ணைத் திறந்து, மணி அடிச்ச மாதிரி சொல்ற தம்பி, உன்னைத்தான் அங்க வாத்தியாரா போடணும் என்றார். அவர் பாராட்டியது இளங்கோவை. எனக்குக் கூச்சமாகவும் இருந்தது, உள்ளே கொண்டாட்டமாகவும் இருந்தது, இளங்கோ இன்னும் கொஞ்சம் இருக்கட்டுமே என்று தோன்றியது.

இருந்தார். விக்கிரவாண்டிக்கு அப்புறம் பஸ் ஓட்டலில் நின்றபோது முதலில் இறங்கியது இளங்கோதான். பூரி இருக்கா என்று சர்வரைக் கேட்டார். கேட்டதும் நானே திடுக்கிட்டேன். சர்வர் ஒன்றும் திடுக்கிடவில்லை, இருக்கு என்றான், கொண்டுவந்து வைத்தான், இரண்டு பூரி, உப்பி, ஆவி பறக்க. கேட்டு வாங்கிய பூரி. ஒரு வாய் பிட்டுப் போட்டேன், அதற்குள் போனில் மாலினி. மேஜைமேல் அது அதிர்ந்துகொண்டே நகர்ந்தது. எடுத்தால் அவள் எங்கே இருக்கீங்க, சாப்பிட்டீங்களா என்பாள், அவளிடம் நான் யார் குரலில் பேசுவேன். என் குரலில் பேசினால் எதிரே உட்கார்ந்து பொங்கலை வழித்துக்கொண்டிருக்கிற மனிதர் நிமிர்ந்து பார்ப்பார். இளங்கோவின் குரலில் பேசினால் அவள் யார் நீங்க என்று கேட்பாள், விளையாட்டில்லை, நிஜமாகவே கேட்பாள், என் கால்வாசியை அவ்வளவு பழகியவள். வீட்ல இருந்து தம்பி, எடு என்றார் அண்ணன். எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவள் கூப்பிட்டு நான் எடுக்காமல் விட்டது கிடையாது, நான் பேசுவதற்குக் கஷ்டப்படுவேன் என்று அவள் அநாவசியமாகக் கூப்பிடவே மாட்டாள். பூரி வாயில் மாவாகவே நின்றது. அப்போதுதான் பயம் அதன் முழு உயரத்துக்கு எழுந்து நின்றது. நாளை மறுநாள் காலையில் பயிற்சி ஹாலில் கூப்பிடப்போவது இளங்கோவை இல்லை. சட்டைப் பையில் குத்தப்போகிற பேர் இளங்கோ இல்லை. விருத்தாசலம் கிடங்கு, பூவராகன் என்று கூப்பிடுவார்கள், அந்தப் பேர் காதில் விழுந்ததும் இளங்கோ எழுந்து போய்விடுவார், நான் மட்டும் நிற்பேன். இத்தனை நாள் எனக்கு வராது என்று மட்டும்தான் தெரியும். இப்போது வரும் என்பதும் தெரிந்துவிட்டது, அது எனக்கு வராது, இன்னொருத்தனுக்கு வரும். இது எவ்வளவோ மோசம். வராமலே இருந்திருக்கலாம்.

பஸ்ஸில் திரும்ப உட்கார்ந்ததும் அவர் தூங்குவார் என்று எதிர்பார்த்தேன், தூங்கவில்லை, எந்தக் கிடங்கு என்று கேட்டார், விருத்தாசலம் என்றேன், உடனே திட்டம் போட்டார். ரூமுக்கு இரண்டு பேராம், நாம் இருவரும் ஒரே ரூம் கேட்டு வாங்கிவிடுவோம், காலையும் மாலையும் நீ எனக்குச் சொல்லிக் கொடு, நான் உனக்கு மேட்டில் வண்டியை நிறுத்தி எடுக்கிற வித்தையைச் சொல்லித்தருகிறேன் என்றார். தனக்கு இது கிடைக்காவிட்டால் மறுபடி டிப்பர்தான், கல்குவாரித் தூசியில் நெஞ்சு போய்விட்டது என்று இருமிக் காட்டினார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். திண்டிவனம் போனது. ஒரு யோசனை வந்தது, இறங்கியதும் ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய்க் காதில் சொல்லிவிடலாம், ரகசியக் குரலில் எனக்குத் திக்காது. ஆனால் இத்தனை நேரம் மணி அடித்தவன் திடீரென்று காதில் கிசுகிசுத்தால் திருட்டுக் கேஸ் என்று நினைக்க மாட்டாரா, பொய்ப் பேரில் திரிகிறவன், எந்த ஊரில் என்ன செய்துவிட்டு வந்தானோ என்று. இன்னொரு யோசனை, பரனூரில் இறங்காமல் டிக்கெட் வாங்கிய இடத்துக்கே போய்விடலாம், கோவிலில் உட்கார்ந்துவிட்டு அடுத்த பஸ்ஸில் ஊருக்குத் திரும்பலாம். சிங்கப்பெருமாளே, டிக்கெட் உங்கள் பேரில்தான் இருக்கிறது. மாலினியிடம் என்ன சொல்வது. அவள் ஒன்றும் கேட்க மாட்டாள், கரண்டியை நிறுத்திக் காத்திருப்பாள். மேல்மருவத்தூரில் சிவப்புப் புடவைகள் ரோட்டைக் கடந்தன, பாதசாரி, பாதசாரி, பாதசாரி என்று உள்ளே ஓடியது, எந்தக் குரலில் ஓடியது என்று கவனித்தேன், தெரியவில்லை. மதுராந்தகம் ஏரியில் தண்ணீர் கிடந்தது. முதுகில் அந்த வட்டு இருக்கிற இடம் விண்ணென்று தெறித்தது. செங்கல்பட்டுத் தாண்டியதும் சவரிமுத்து அண்ணன் எழுந்து என் பையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டார். உனக்கு முதுகு சரியில்லேன்னு உக்கார்ற விதத்திலேயே தெரியுது என்றார். பையே அவர் தோளில் போன பிறகு கோவிலுக்கு எப்படிப் போவது, இறங்கினேன்.

டோல்கேட்டிலிருந்து உள்ளே போகிற ரோட்டில் வெயில் கொதித்தது. அவர் முன்னால் நடந்தார், நான் அவர் நிழலை மிதித்துக்கொண்டே பின்னால். தகரக் கூரை போட்ட பெரிய கட்டடம், சுற்றிலும் மஞ்சள் கோடு போட்ட மைதானம், அதில் ஒரு வேன் தனியாகச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது, ஓட்டுகிறவன் வாய் அசைந்துகொண்டே இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு ஒன்றுக்கு வந்தது. கேட்டில் செக்யூரிட்டி, சின்ன வயசுக்காரர், கையில் போன். சவரிமுத்து அண்ணன் தன் பேரைச் சொன்னார், ஆயிற்று, என்னைக் காட்டி, இவரு இளங்கோ, விருத்தாசலம், மணி மாதிரி சொல்லுவாரு, ரெண்டு பேரையும் ஒரே ரூம்ல போடுங்க சார் என்றார். செக்யூரிட்டி போனில் பேர்ப் பட்டியலைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். விருத்தாசலத்தில் அப்படி யாரும் இல்லையே என்றார். அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார், சந்தேகமே இல்லாத முகம், சரியா பாருங்க சார் என்றார். செக்யூரிட்டி என்னைப் பார்த்து, உங்க பேர் சொல்லுங்க என்றார்.

அடையாள அட்டை பையில் இருக்கிறது. எடுத்து நீட்டினால் போதும், பாங்கியில், ரேஷன் கடையில், ஆஸ்பத்திரியில் எல்லா இடத்திலும் அதைத்தான் நீட்டியிருக்கிறேன், நீட்டினால் வாசித்துக்கொள்வார்கள். பை அண்ணன் தோளில் தொங்குகிறது, ஜிப் என் பக்கம்தான் இருக்கிறது, கை அதுவரைக்கும் போய்விட்டது. நாளை மறுநாள் எதை எடுத்து நீட்டுவேன். அட்டையை நீட்டிப் பாதசாரியைத் தப்பிக்க வைக்க முடியுமா. கையைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். பூ என்று ஆரம்பித்தேன். ஒட்டிக்கொண்டது. பூ, பூ, பூ, காற்று முட்டுகிறது, கழுத்து புடைக்கிறது, எல்லாம் தெரிந்த பாதைதான், கண் தானாக மூடிக்கொள்கிறது. சவரிமுத்து அண்ணன் கடகடவென்று சிரித்துவிட்டார். என்னைப் பார்த்துச் சிரித்த ஆட்களைப் பார்த்திருக்கிறேன், இப்படி ஆசையாக ஒருவரும் சிரித்ததில்லை. என் முதுகில் தட்டி, "டேய் தம்பி, திக்குவாய் மாதிரி அப்படியே நடிக்கிறியே. வாத்தியாரு எதிர்ல இப்படிச் செஞ்சிடாத, நெசம்னு நம்பித் திருப்பி அனுப்பிடுவாங்க" என்றார். செக்யூரிட்டிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நானும் சிரித்துவிடலாம், ஆமாம் அண்ணே சும்மா என்று சொல்லிவிடலாம், சும்மா எனக்கு வரும். அவ்வளவு சுலபமாக வரும். பயம் ஒன்றும் போகவில்லை, ஆனால் அந்த வார்த்தை, நடிக்கிறியே என்ற வார்த்தை, அது எனக்குப் பொறுக்கவில்லை. நடித்ததெல்லாம் பஸ்ஸில் அண்ணே. இது நான். கண்ணைத் திறந்து அவரையே பார்த்துக்கொண்டு மறுபடி பூ என்றேன், மறுபடி ஒட்டியது, எச்சில் தெறித்தது, மறுபடி. சவரிமுத்து அண்ணன் சிரிப்பதை நிறுத்திவிட்டார். அவர் வேறெங்கும் பார்க்கவில்லை, என் வாயையே பார்த்தபடி இரண்டு பையோடும் வெயிலில் நின்றார், நான் இன்னும் பூவிலேயே இருந்தேன்.